உளி இருக்கட்டும், முதல்ல ரெஸ்ட்டைப் பாருங்க

கோத்தகிரில எங்க தெருத் தம்பி ஒருத்தன் புதுசா மர லேத் (மரத்தைச் சுத்தவிட்டு உளியால கடையற மெஷின்) வாங்கியிருக்கான், வந்த உடனே "அண்ணே, எந்த உளி நல்லா இருக்கும்?"னு கேட்டான். உளி இருக்கட்டும்டா, டூல் ரெஸ்ட்டை, அதாவது கடையும்போது உளிய சாச்சு வைக்கற தாங்கியை, எங்க வைப்பேன்னு சொல்லுன்னேன்.

ரெஸ்ட் மரத்துக்கு ரொம்ப கிட்ட, 3, 4 மில்லிமீட்டர்ல இருக்கணும். காரணம் நெம்புகோல் கணக்குதான். ரெஸ்ட்டுலேர்ந்து கைப்பிடிப் பக்கம் 40 சென்டிமீட்டர், முனைப் பக்கம் 1 சென்டிமீட்டர்னா மரம் உளிய அமுக்கற விசையில நாப்பதுல ஒரு பங்குதான் கைக்கு வரும், அதுவே முனை 4 சென்டிமீட்டர் நீட்டிக்கிட்டு இருந்தா பத்துல ஒரு பங்கு, அதாவது நாலு மடங்கு. கடைய கடைய மரம் சிறுத்து சந்து பெருசாகிட்டே போகும், இன்னும் கொஞ்சம்தானேன்னு அப்படியே ஓட்டுவாங்க, அப்பதான் உளி லபக்குனு கடிச்சு இழுத்துட்டுப் போகும். 10 இன்ச் கிண்ணம் நிமிஷத்துக்கு 1000 சுத்து சுத்தினா விளிம்போட வேகம் மணிக்கு கிட்டத்தட்ட 48 கிலோமீட்டர், மேட்டுப்பாளையம் ரோட்டு வளைவுல நம்ம பஸ்ஸு கூட அந்த வேகத்துல திரும்பாது. அதனால மெஷின் முழுசா நின்னப்புறம் ரெஸ்ட்டை நகத்தி, டைட் பண்ணி, மரத்தைக் கையால ஒரு சுத்து சுத்தி எங்கயும் இடிக்கலைன்னு பாத்துட்டு அப்புறம் சுவிட்ச் போடுங்க.

உளி முதல்ல ரெஸ்ட்டுல உக்காரணும், அதுக்கப்புறம்தான் மரத்தைத் தொடணும். கௌஜ்னா (குழிவான உளி) சாணை புடிச்ச சரிவு மரத்துல சும்மா உரசற மாதிரி வச்சு, கைப்பிடிய மெல்ல மெல்ல தூக்குனா வெட்ட ஆரம்பிக்கும், சீவல் சுருள் சுருளா வரும். தூளா வந்தா முனை மழுங்கிடுச்சு, போய் சாணை புடிங்க, அழுத்தாதீங்க.

பழைய அரத்தை தேய்ச்சு உளி பண்றது நம்ம ஊர்ல சகஜம், தயவுசெஞ்சு வேணாம். அரம் கடினமான இரும்பு, ஆனா வளையாது, ரெஸ்ட்டு மேல படக்குனு ஒடியும். ரஃபிங் கௌஜும் (மரத்தை முதல்ல உருட்டையாக்கற பெரிய கௌஜ்) ரெண்டு சென்டருக்கு, அதாவது மரத்தை ரெண்டு பக்கமும் புடிக்கற முனைகளுக்கு, நடுவுல ஓடற நீள மரத்துக்குத்தான், கிண்ணத்துக்குப் போட்டா கைப்பிடிக்குள்ள போற மெல்லிசான வாலு ஒடிஞ்சிடும்.

அப்புறம் குளிரு. மஃப்ளர், கிளவுஸ், தொளதொள ஸ்வெட்டர் எதுவும் லேத் பக்கத்துல கூடாது, எவ்வளவு பனி கொட்டினாலும் சரி. முகத்துக்கு ஃபேஸ் ஷீல்டு, அதோட மாஸ்க், ஏன்னா எஸ்டேட் சில்வர் ஓக் தூள் சிலருக்கு உடம்பெல்லாம் அரிப்பு எடுக்க வைக்கும்.

உப்புத்தாள் போடும்போது ரெஸ்ட்டையே கழட்டிடுங்க, விரல் நடுவுல மாட்டும். மழைக்காலத்துல கரண்ட் போச்சுன்னா முதல் வேலையா உளிய வெளிய எடுத்துட்டு சுவிட்ச ஆஃப் பண்ணுங்க, அது எப்ப திரும்பி வரும்னு யாருக்கும் தெரியாது.