ஒரு பக்கம் மட்டும் போன பிங்: வீட்டு நெட்வொர்க்கோடு மூன்று நாள்

முதல் நாள் இரவு

பழைய லேப்டாப் ஒன்றில் லினக்ஸ் போட்டு, விண்டோஸ் கணினிகளோடு ஃபைல் பகிர உதவும் சாம்பா மென்பொருளை நிறுவி, வீட்டுப் படங்கள் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்து வைக்கும் பெட்டியாக மாற்றியிருக்கிறேன். அது மாடி அறையில் இருக்கிறது. விண்டோஸ் டெஸ்க்டாப் கீழே. மாடிக்கு வைஃபை சரியாக எட்டாததால், போன வருடமே இன்னொரு ரவுட்டரை அங்கே வைத்து, கீழிருந்து கேபிள் இழுத்துச் செருகியிருந்தேன். இரண்டு கணினியிலும் இணையம் நன்றாக வருகிறது. ஆனால் டெஸ்க்டாப்பிலிருந்து லேப்டாப்பின் ஃபோல்டரைத் திறக்கப் போனால், கொஞ்ச நேரம் சுற்றிவிட்டுக் கிடைக்கவில்லை என்கிறது.

முதல் வேலையாக, கணினியின் பெயரைக் கொடுத்துத் தேடுவதை நிறுத்தினேன். பெயரை எண்ணாக மாற்றித் தரும் ஏற்பாடு சரியாக இருந்தால்தான் பெயர் வேலை செய்யும். அந்த எண்ணை, அதாவது ஐபி முகவரியையே, நேராகக் கொடுத்தால் சந்தேகப்பட வேண்டியதில் ஒன்று குறைகிறது. முகவரியைக் கொடுத்தும் திறக்கவில்லை.

டெஸ்க்டாப்பின் முகவரி 192.168.1.20. லேப்டாப்பின் முகவரி 192.168.0.102. 169.254 என்று தொடங்கியிருந்தால், ரவுட்டரிடமிருந்து முகவரியே வரவில்லை, கணினி தானாக ஒன்றை வைத்துக்கொண்டது என்று அர்த்தம். அப்படி இல்லையே என்ற நிம்மதியில் மேற்கொண்டு போய்விட்டேன். மூன்றாவது இடத்தில் ஒன்றில் 1, இன்னொன்றில் 0 இருப்பது கண்ணில் படவே இல்லை. சப்நெட் மாஸ்க் 255.255.255.0 என்றால் முதல் மூன்று எண்களும் ஒத்திருந்தால்தான் ஒரே நெட்வொர்க். தெரிந்த விஷயம்தான், அன்று நினைவுக்கு வரவில்லை.

பிங் (ஒரு கணினி இன்னொன்றுக்குச் சின்னச் செய்தி அனுப்பி, பதில் வருகிறதா என்று பார்ப்பது) செய்து பார்த்ததை நோட்டில் எழுதிக்கொண்டேன். டெஸ்க்டாப்பிலிருந்து லேப்டாப்புக்கு: பதில் இல்லை. லேப்டாப்பிலிருந்து டெஸ்க்டாப்புக்கு: பதில் இல்லை. லேப்டாப்பிலிருந்து கீழே உள்ள ரவுட்டருக்கு, அதாவது 192.168.1.1-க்கு: உடனே பதில். இந்தக் கடைசி வரிதான் மறுநாள் கைகொடுத்தது.

இரண்டாம் நாள்

டெஸ்க்டாப்பில் நெட்வொர்க் செட்டிங்ஸைத் திறந்தேன். இந்த இணைப்பை விண்டோஸ் ‘பப்ளிக்’ என்று குறித்து வைத்திருந்தது. அப்படி இருந்தால் வெளியிலிருந்து வரும் பிங்கை ஃபயர்வால் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும், மறுப்புகூடச் சொல்லாது. ‘பிரைவேட்’ என்று மாற்றி, ஃபைல் பகிர்வையும் இயக்கினேன். லேப்டாப்பிலிருந்து பிங் செய்தேன். பதில் வந்தது! (ஃபயர்வாலை மொத்தமாக அணைத்துப் பார்க்கச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. அணைத்ததைத் திரும்பப் போட மறந்துவிடுவோம், கணினி திறந்தே கிடக்கும்.)

திருப்பிச் செய்து பார்த்தால், டெஸ்க்டாப்பிலிருந்து லேப்டாப்புக்கு இன்னமும் பதில் இல்லை. மேலிருந்து கீழே போகிறது, கீழிருந்து மேலே போகவில்லை. லேப்டாப்பின் ஃபயர்வாலைத்தான் சந்தேகப்பட்டேன். அது இயங்கவே இல்லை. சாம்பா தன் வாசலான 445 எண் போர்ட்டில் காத்துக்கொண்டிருந்தது. லேப்டாப்பிலிருந்தே அந்த ஃபோல்டரைத் திறந்தால் திறந்தது. அப்படியானால் சாம்பாவிலும் குறையில்லை.

அப்போதுதான் ஏஆர்பி அட்டவணையைப் பார்க்கத் தோன்றியது. ஒரே நெட்வொர்க்கில் இருக்கும் இரண்டு கணினிகள் பேசத் தொடங்குமுன், “இந்த ஐபி யாருடையது?” என்று ஒன்று கூவும், அதற்குரியது தன் மேக் முகவரியை, அதாவது வன்பொருள் எண்ணைச் சொல்லும், அந்தப் பதில் இந்த அட்டவணையில் பதிவாகும். பிங்கைத் தடுக்கும் ஃபயர்வால்கூடப் பொதுவாக இதைத் தடுப்பதில்லை. ஆகவே பிங் தோற்றாலும், எதிர்க் கணினி இந்த அட்டவணையில் இருந்தால் இரண்டும் ஒரே நெட்வொர்க்கில் இருக்கின்றன என்று நம்பலாம். பிங்கைவிட எனக்கு இதுதான் பிடித்த சோதனை, இனிமேல் இதைத்தான் முதலில் செய்வேன்.

லேப்டாப்பில் அட்டவணையை எடுத்தேன். ஒரே ஒரு வரி: 192.168.0.1. சற்றுமுன் பிங்குக்குப் பதில் சொன்ன டெஸ்க்டாப்பைக் காணோம். கீழ் ரவுட்டருக்கு, வழியில் தாண்டும் இடங்களைக் காட்டும் ட்ரேஸ்ரூட் ஓட்டினால் இரண்டு வரி வந்தது, முதலில் 192.168.0.1, பிறகு 192.168.1.1. ஒரே வீட்டுக்குள் இரண்டு நெட்வொர்க்!

காரணம் அந்தக் கேபிள். மாடி ரவுட்டரின் வான் போர்ட்டில், அதாவது வெளி இணைப்புக்கான துளையில், அதைச் செருகியிருந்தேன். அதனால் அது தனக்குக் கீழே தனி நெட்வொர்க் ஒன்றை நடத்திக்கொண்டு, தன்னிடம் இருப்பவர்கள் எல்லோரையும் 192.168.1.7 என்ற ஒரே முகவரியில் வெளியே அனுப்பிக்கொண்டிருந்தது. இதுதான் நேட். உள்ளிருந்து போனவற்றை அது குறித்து வைத்துக்கொள்வதால் பதில்கள் சரியாகத் திரும்பி வரும். வெளியிலிருந்து புதிதாக ஒருவர் தேடி வந்தால் உள்ளே விடாது. இணையத்துக்கு இது தடையே இல்லை என்பதால் ஒரு வருடமாக யாருக்கும் தெரியவில்லை.

நோட்டைத் திரும்பப் பார்த்தபோது முதல் நாள் இரவு புரிந்தது. மேலிருந்து போன பிங் செத்தது விண்டோஸ் ஃபயர்வாலால். கீழிருந்து போன பிங் செத்தது, லேப்டாப் நேட்டுக்குப் பின்னால் ஒளிந்திருந்ததால். இரண்டுக்கும் வெளியே தெரிந்த அடையாளம் ஒன்றேதான், அதனால் ஒரே கோளாறு என்று நினைத்துவிட்டேன்.

மாடி ரவுட்டரில் 445-ஐ மட்டும் திறந்துவிட்டும் ஒப்பேற்றலாம். ஆனால் ஒவ்வொரு புதுக் கருவிக்கும் ஒரு வாசல் வெட்டிக்கொண்டே இருக்க வேண்டும். தானாகக் கண்டுபிடிக்கும் வசதியும் ரவுட்டரைத் தாண்டாது. அடிப்படையையே சரிசெய்வது மேல்.

செய்த வரிசை முக்கியம். முதலில் வான் கேபிளைக் கழற்றினேன். கழற்றாமல் செய்தபோது, இரண்டு பக்கமும் ஒரே முகவரி வரிசை என்று ரவுட்டர் மறுத்தது. பிறகு மாடி ரவுட்டரின் முகவரியை 192.168.1.2 ஆக்கினேன். அதன் பிறகே அதன் டிஹெச்சிபியை, அதாவது கருவிகளுக்கு முகவரி கொடுக்கும் வேலையை, அணைத்தேன். வீட்டில் முகவரி கொடுப்பது ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். கடைசியாகக் கேபிளை லான் போர்ட்டில், அதாவது வீட்டுக் கருவிகளுக்கான துளையில், செருகினேன். லேப்டாப் வைஃபையை அணைத்துப் போட்டதும் 192.168.1 வரிசையில் முகவரி வந்தது. கீழ் ரவுட்டரில் அதற்கு நிரந்தரமாக 192.168.1.50 ஒதுக்கினேன். ஃபோல்டர் திறந்தது. கணினியின் பெயரை நெட்வொர்க்கில் அறிவிக்கும் அவாஹி லேப்டாப்பில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்ததால், பெயருக்குப் பின் ‘.லோக்கல்’ சேர்த்துக் கொடுத்தாலும் திறந்தது. அவ்வளவு சந்தோஷம் எனக்கு.

மூன்றாம் நாள்

வைஃபையை விட்டு லேப்டாப்பை மாடி ரவுட்டரில் கேபிளாலேயே இணைத்தேன். ஆனாலும் ஃபைல்கள் நொடிக்கு 11 எம்பிக்கு (மெகாபைட்) மேல் போகவில்லை. எட்டு பிட் ஒரு பைட் என்பதால், இந்த எண்ணைப் பார்த்தாலே 100 எம்பிபிஎஸ் (நொடிக்கு 100 மெகாபிட்) இணைப்பு என்று சொல்லிவிடலாம். டெஸ்க்டாப்பும் லேப்டாப்பும் 1000 காட்டின. இரண்டு ரவுட்டர்களும் கிகாபிட், அதாவது 1000 எம்பிபிஎஸ். பாக்கி இருந்தது நடுவில் போகும் கேபிள். 100-க்கு இரண்டு ஜோடிக் கம்பி போதும். கிகாபிட்டுக்கு நான்கு ஜோடியும் வேண்டும். ஒரு முனையைக் கூர்ந்து பார்த்தேன். பழுப்புக் கம்பி ஒன்று முனையில் உள்ள உலோகப் பின் வரை எட்டவே இல்லை. முனையை வெட்டிப் புதிதாக கிரிம்ப் செய்தேன், அதாவது புது முனையை அழுத்திப் பொருத்தினேன். வேகத்தை அளக்கும் ஐபெர்ஃப் 940 எம்பிபிஎஸ் அருகே காட்டியது.

டேப்லெட்டில் மட்டும் ஃபோல்டர் திறக்கவில்லை. அது கெஸ்ட் வைஃபையில் இருந்தது. அங்கே இருப்பவை வீட்டுக் கருவிகளைப் பார்க்கக் கூடாது என்பதுதான் அதன் ஏற்பாடே. வீட்டு வைஃபைக்கு மாற்றியதும் திறந்துவிட்டது.

இதை எழுதும்போது படங்கள் ஏறிக்கொண்டிருக்கின்றன. 2011 முடிந்து 2012 ஃபோல்டர் ஓடுகிறது.