காலண்டரில் பிறை பார்த்துவிட்டு காரை எடுங்கள்

பள்ளி விடுமுறை வந்தால் மலேசியாவின் சிலாங்கூர் கரையில், ஜெராமுக்கும் கோல சிலாங்கூருக்கும் இடையில் எங்கள் புக்கிட் ரோத்தான் வழியாகக் குடும்பம் குடும்பமாகக் கார்கள் போகும். பின்கண்ணாடியில் தலையணை, மிதவை வளையம், பாட்டியின் துண்டு. பாதிப் பேர் ஏமாந்துதான் திரும்புவார்கள். மின்மினி பார்க்கப் போன இரவு முழு நிலா காய்ந்திருக்கும். சாசாரான் மணல்திட்டைப் பார்க்க வந்த நாளில் கடல் வற்றவே வற்றியிருக்காது. ஹோட்டலையும் சாப்பாட்டுக் கடையையும் பத்து நாள் தேடி முடிவு செய்கிறவர்கள், சுவரில் தொங்கும் தமிழ் நாள்காட்டியைப் புரட்டிப் பார்ப்பதில்லை. இந்தக் கரைக்கு அதுதான் கால அட்டவணை.

கணக்கு எளிது. பௌர்ணமியன்று பொழுது சாயும்போதே, ஏழேகால் மணி வாக்கில், நிலா கிளம்பிவிடும். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் ஏறக்குறைய 50 நிமிடம் தாமதம். சங்கடஹர சதுர்த்திக்கு நிலா பார்த்து விரதம் முடிக்கிறவர்களைக் கேளுங்கள், பத்து மணி வரை வாசலில் நிற்க வேண்டும் என்பார்கள். மின்மினி பார்க்க ஆற்றில் போகும் கம்போங் குவாந்தான் படகுகள் எட்டு மணியை ஒட்டி ஓடுபவை. ஆக, தேய்பிறை சதுர்த்தியிலிருந்து அமாவாசை தாண்டி மூன்றாம் பிறை வரை ஆறு இருட்டாக இருக்கும். வளர்பிறை அஷ்டமிக்கு வந்தால் பாதி நிலா உச்சியில் நின்றுகொண்டு நடு இரவு வரை இறங்காது. பூச்சி அப்போதும் மின்னும், நம் கண்ணுக்குத்தான் எடுபடாது.

கடல் வேறு கணக்கில் ஓடுகிறது. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் சூரியன், நிலா, பூமி மூன்றும் ஒரே வரிசையில் வருவதால் நீர் மிக உயரமாக ஏறி மிகத் தாழ்வாக வற்றும். மேலே தேங்கிய நீரில் வானம் கண்ணாடி போலத் தெரிவதால் ‘ஸ்கை மிரர்’ என்று எல்லாரும் சொல்கிற அந்தச் சாசாரான் மணல்திட்டு அந்தச் சில நாட்களில்தான் வெளியே தலைகாட்டும். நன்றாக வற்றுவது திதியன்று அல்ல, ஒன்றிரண்டு நாள் கழித்து. அஷ்டமி, நவமியில் ஏற்றமும் குறைவு, வற்றுவதும் குறைவு. அந்த நாட்களில் எங்கும் கிளம்பாதே என்று பாட்டி சொல்வது இந்த ஒரு விஷயத்தில் முழுக்கச் சரி.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அமாவாசைதான் மிஞ்சுகிறது. ஆனால் அன்றைக்கு நம்மில் பல வீடுகளில் சைவம். கடற்கரைக்கு வந்து சுட்ட திருக்கையை வேடிக்கை பார்த்துக்கொண்டு தயிர்சாதம் சாப்பிடுவது கொடுமை. மறுநாளோ அதற்கு அடுத்த நாளோ வாருங்கள். கடல் இன்னும் நன்றாக வற்றியிருக்கும், பிறை கீற்றாகத்தான் இருக்கும், மீனும் சாப்பிடலாம். புரட்டாசியில் வருகிறவர்களுக்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.

வழியைப் பற்றி: கோலாலம்பூரிலிருந்து லாத்தார் நெடுஞ்சாலையில் ஈஜோக் வந்து, பழைய சாலையைப் பிடித்தால் போதும், கோல சிலாங்கூருக்கு 70 கிலோமீட்டருக்குள்தான். கிள்ளான், காப்பார், ஜெராம் வழியாக ஐந்தாம் எண் கூட்டரசுச் சாலையில் வருவது அழகு, ஆனால் லோரியும் சாலை விளக்கும் அதிகம். சாலைக் கட்டணம் கட்டும் டச் அண்ட் கோ அட்டையில் காசு இருக்கிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். சிங்கப்பூர் எண் பலகை உள்ள காருக்கு மானிய விலைப் பெட்ரோலான ரோன் 95 ஊற்றக்கூடாது.

கைப்பேசி வரைபடம் ‘ஆறு நிமிடம் மிச்சம்’ என்று காட்டி உங்களைச் செம்பனைத் தோட்டத்துக்குள் திருப்பும். திரும்பாதீர்கள். அது தோட்டத்துச் செம்மண் பாதை. ஒரு மழை பெய்தால் டிராக்டர் சக்கரம் விட்ட பள்ளத்தில் சிறிய காரின் அடிவயிறு தட்டும். மறுமுனையில் தோட்டத்துக் கேட் பூட்டியிருக்கும். இரண்டு பக்கமும் கால்வாய் என்பதால் காரைத் திருப்ப இடம் கிடைக்காது, பின்னோக்கியே ஓட்டி வர வேண்டும். பெரிய சாலையிலும் குலை ஏற்றிய லோரிக்குப் பின்னால் ஒட்டிப் போகாதீர்கள். ஒரு குலை 20 கிலோவைத் தாண்டும், மேலே வலை கட்டியிருந்தாலும் உதிரிப் பழம் சிந்திக்கொண்டே போகும். அது டயரில் நசுங்கி, மேலே தூறலும் விழுந்தால் சாலை எண்ணெய் தேய்த்த தோசைக்கல்தான். பிரேக் பிடிக்காது, குறிப்பாக மோட்டார் சைக்கிளுக்கு.

சாசாரானுக்குப் படகு கோல சிலாங்கூர் துறையிலிருந்து புறப்படும், போய்ச்சேர அரைமணி நேரத்துக்கு மேல். புறப்படும் நேரம் நாளுக்கு நாள் மாறும், கடல் வற்றுவதைப் பொறுத்து. முதல் நாளே படகுக்காரரிடம் நேரம் கேட்டு, அதற்கு அரைமணி முன்னால் நில்லுங்கள். நீர் யாருக்காகவும் காத்திருக்காது. திட்டில் நிழல் கிடையாது, கழிப்பறை கிடையாது. பிள்ளைகளைத் துறையிலேயே போகவைத்துவிடுங்கள். அலை இருந்தால் விரைவுப் படகு தூக்கித் தூக்கிப் போடும், அதனால் கர்ப்பிணிகளும் முதுகுவலிக்காரர்களும் வேண்டாம். பளிச்சென்ற சிவப்பு, மஞ்சள் உடைதான் படத்தில் எடுபடும். வெள்ளையும் சாம்பலும் வானத்தோடு கரைந்துபோகும். உப்புநீர் கணுக்காலிலிருந்து முழங்கால் வரை ஏறும் என்பதால் கைப்பேசிக்கு நீர்ப்பை கட்டாயம். காரில் ஐந்து லிட்டர் நல்ல தண்ணீர் இரண்டு கேன் வையுங்கள், கால் கழுவ.

இந்தக் கரை குளிக்கிற கரை அல்ல என்பதை முன்கூட்டியே பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். போர்ட் டிக்சன் மாதிரி மணல் இருக்காது. ஜெராமில் நீர் வற்றினால் கண்ணுக்கெட்டிய தூரம் சேறு. மேற்பரப்பு காய்ந்து வெடித்த மாதிரி இருக்கும். காலை வைத்தால் முட்டி வரை உள்ளே இழுக்கும், ஜப்பான் சிலிப்பர் அங்கேயே தங்கிவிடும். பின்பட்டி உள்ள செருப்பு போடுங்கள். இதைவிட மோசம், கெட்டியான தரை என்று நம்பிக் காரைக் கரையில் இறக்குவது. முன்சக்கரம் சுழலச் சுழல இன்னும் புதையும், ஆறு மணி நேரத்தில் நீர் திரும்பி வரும். இழுவை லோரிக்குக் கொடுக்கும் காசில் இரண்டு நாள் அறை எடுக்கலாம்.

மாலை நாலரைக்கு மேல் புக்கிட் மெலாவாத்தி குன்று. வார இறுதியிலும் பொது விடுமுறையிலும் கார் மேலே போகாது, அடிவாரத்திலிருந்து டிராம்தான். டச்சுக்காரர்கள் 1784இல் பிடித்து ஆல்டிங்ஸ்பர்க் என்று பெயர் வைத்த கோட்டை இது, மறுவருடமே சுல்தான் இப்ராஹிம் திருப்பிப் பிடித்தார். கலங்கரை விளக்கம் பிறகு வந்தது, 1907இல். பிள்ளைகளுக்கு இதெல்லாம் வேண்டியதில்லை, குரங்குதான். இரண்டு வகை உண்டு, வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். லூத்தோங் சாம்பல் கறுப்பு, வால் நீளம், தலையில் கூர்க்கொண்டை. நீட்டிய பயற்றங்காயை விரல் படாமல் வாங்கிக்கொள்ளும். அதன் குட்டி ஆரஞ்சு நிறத்தில் இருக்கும், தாயின் வயிற்றில் ஒட்டியிருக்கும். பழுப்பு நிறக் கேரா அப்படியல்ல. நெகிழிப்பையின் சரசரப்பு கேட்டாலே பாய்ந்து பிடுங்கும். பையைக் காரிலேயே வையுங்கள், மூக்குக்கண்ணாடியைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சாப்பாட்டை ஆறரைக்கே முடிக்கப் பாருங்கள், ஆற்றுக்கு அக்கரையில் பாசிர் பெனாம்பாங்கில் அல்லது வரும்போதே ஜெராமில். மீனைக் காட்டித் தேர்ந்தெடுக்கச் சொன்னால் உடனே எடை போட வையுங்கள், விலை நூறு கிராமுக்கா கிலோவுக்கா என்று கேளுங்கள். பலகையில் இருக்கும் எண் பெரும்பாலும் நூறு கிராமுக்கு. மீன் மேசைக்கு வந்தபிறகு பேரம் கிடையாது. வாழையிலையில் சுட்ட திருக்கை எனக்கு முதலிடம்; முள் குறைவு, சிறு பிள்ளைக்கும் ஊட்டலாம், சம்பலைத் தனியாக வைக்கச் சொன்னால் போதும். அரைவேக்காட்டு கேராங் சிப்பியைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள்.

மின்மினிக்குக் கம்போங் குவாந்தான், கோல சிலாங்கூரிலிருந்து ஒன்பது கிலோமீட்டர் வாக்கில். சம்பான் என்கிற சிறு படகு ஒன்றுக்கு நான்கு பேர், உயிர்காப்பு மேலங்கி தருவார்கள். கொசு மருந்தைக் காரிலேயே பூசிக்கொள்ளுங்கள், படகில் ஸ்பிரே அடிக்காதீர்கள், பூச்சிக்கொல்லி பூச்சி பார்த்துப் பேதம் செய்வதில்லை. கைப்பேசியை அணைத்து உள்ளே வையுங்கள். திரை வெளிச்சம் ஒரு தடவை பட்டால் உங்கள் கண் இருட்டுக்கு மறுபடி பழகப் பத்து நிமிடம் வேண்டும், படகுப் பயணமே அரைமணிதான். கரையில் பெரெம்பாங் என்கிற அலையாத்தி மரங்களைக் கவனியுங்கள். முதலில் ஆளுக்கொரு தாளமாக மின்னுவது போலிருக்கும். கொஞ்சம் பொறுத்தால் ஒரு கிளை முழுக்க ஒரே நேரத்தில் பளிச் பளிச்சென்று விழும். பக்கத்து மரம் இருட்டாகவே கிடக்கும், எல்லா மரத்திலும் உட்காராது. இதன் புழு ஆற்றோரச் சேற்றில் நத்தை தின்று வளர்வது. கரையை வழித்துச் செம்பனை நட்ட இடத்தில் பூச்சியைப் பார்க்க முடியாது.

இடி இடித்தால் படகு இல்லை. ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பரில் மாலை மழை அடிக்கடி வரும், அதனால் அந்த மாதங்களில் இரண்டு இரவு தங்கும்படி வாருங்கள். முதல் இரவு போனால் இன்னொன்று கையில் இருக்கும்.

இரண்டாம் நாள் காலை எட்டுக்கே தஞ்சோங் காராங் தாண்டி, நெல் வயல் ஊரான செகிஞ்சான் போய்விடுங்கள், 30 கிலோமீட்டரைச் சுற்றித்தான். பத்து மணிக்கு மேல் வயலில் சைக்கிள் ஓட்டினால் பிள்ளைகளின் முகம் மிளகாய்ப்பழம். வருடம் இரு போகம். மே, ஜூனிலும் ஆண்டுக் கடைசியிலும் அறுவடை. அறுத்து முடித்த வாரத்தில் போனால் வெறும் தாள்கட்டைதான். மாம்பழம் வாங்குங்கள், தலையளவு பெரிதாக இருக்கும். திரும்பும்போது ஞாயிறு மாலை நாலு மணிக்குமேல் கிள்ளான் பக்கம் மட்டும் வேண்டாம், ஈஜோக் வழியாகவே ஏறிவிடுங்கள்.