பாலத்தில் நின்ற கிழவனும் பெரியப்பாவும்

விளக்கு வைச்சாப் பிறகு எங்கட வீட்டில "செத்துப்போனன்" எண்டு கத்தக் கூடாது. அம்மா போட்ட சட்டம். எல்டன் றிங் எண்ட விளையாட்டு எங்கட கொம்பியூட்டருக்குள்ள வந்த கிழமையே அமுலுக்கு வந்திட்டுது.

விளையாடினவைக்கு இந்தச் சட்டத்தின்ர கொடுமை விளங்கும். செத்தால் திரையின்ர நடுவில நீ செத்துப்போனாய் எண்டு சிவப்பெழுத்தில அதுவே போட்டுக் காட்டும். நான் அதை வாய்விட்டு வாசிக்கிறன், அவ்வளவுதான். என்ன, அடிக்கடி வாசிக்க வேண்டியிருக்கு.

விளையாட்டு 2022 பெப்ரவரி 25 இல வந்தது. இலங்கையில எப்பிடிப்பட்ட காலம் பாருங்கோ. விலை 60 டொலர். வரேக்க டொலர் 200 ரூபாச் சொச்சம். வாங்குவமோ விடுவமோ எண்டு யோசிச்சு முடிய அது 360 க்குக் கிட்டப் போட்டுது. மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டு வேற. அதால நாடு கொஞ்சம் மூச்சுவிட்டாப் பிறகு, ஸ்ரீம் எண்ட இணைய விளையாட்டுக் கடையில விலை இறக்கின நேரம் பார்த்துத்தான் வாங்கினது. உலகம் முழுக்க அடிச்சு முடிச்சிட்டு வேற வேலைக்குப் போட்டுது, கொக்குவிலில நான் அப்பதான் விளையாட்டுக்குள்ள குதிரையில ஏறுறன்.

குதிரை ஓடுறதில பிரச்சினை இல்லை. பிரச்சினை மார்கிற். ஸ்ரோம்வெயில் கோட்டைக்குப் போற பாலத்தில நிக்கிற கொம்பு வைச்ச கிழவன். நரைச்ச தலை, கந்தல் உடுப்பு, வால், கையில முறுக்கின தடி. போனவுடன, உன்ர மடத்தனமான ஆசையளை மூட்டை கட்டி வை எண்டு புத்தி சொல்லுவான். உயர்தரம் எழுதிப்போட்டுக் கொம்பியூட்டர் படிக்கப் போறன் எண்டு நான் நிண்ட நேரம் அப்பா சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான். அப்பா பிறகு தடியால அடிக்கேல்லை.

இந்தச் சண்டையின்ர சூட்சுமம் முழுக்க உருளுறதில இருக்கு. உருளுற பட்டனை அமத்தினால், உருளத் தொடங்கிற அந்தச் சின்னக் கணத்தில தடி உடம்புக்குள்ளால போனாலும் படாது. அதால ஓடித் தப்பிறதை விட, அடி வந்து சேருற நேரத்துக்கு அதுக்குள்ளயே உருளுறதுதான் கெட்டித்தனம். உடுப்பு, வாள், கேடயம் எல்லாம் சேர்த்துப் பாரம் 70 வீதத்தைத் தாண்டிச்சுதோ, எங்கட ஆள் உருளாமல் பொத்தெண்டு விழுந்து ஆறுதலா எழும்புவார். மருந்து குடிப்பம் எண்டு குப்பியை வாயில வைச்சால் மார்கிற் தூர நிண்டே வெளிச்சக் கத்தி எறிவான். மெனுவைத் திறந்தாலும் சண்டை நிக்காது. "படலைக்குள்ளால ஆடு வந்திட்டுது, கலைச்சுவிடு" எண்டு அம்மா சொன்னால் ஒண்டில் செம்பரத்தை சாகோணும், இல்லாட்டி நான் சாகோணும்.

இதெல்லாம் தெரிஞ்சும் அவனை அசைக்க ஏலாமல் நிண்ட ஒரு பின்னேரம், பெரியப்பா போனைக் கொண்டு வந்தார். வட்ஸ்அப் வேலை செய்யுதில்லையாம். திறந்து பார்த்தால் ரோசாப்பூப் போட்ட காலை வணக்கம் அடுக்கடுக்கா நிறைஞ்சு போன் மூச்சுவிடேலாமல் கிடக்கு. அதுகளை அழிக்கக் குடுத்திட்டு, "கொஞ்சம் இருங்கோ பெரியப்பா" எண்டு கதிரையை இழுத்துப் போட்டன். மனிசன் பிளேன்ரீயும் கையுமாத் திரையைப் பார்க்கத் தொடங்கிட்டார்.

"ஆர் தம்பி உந்தக் கிழவன்?"

"அவர்தான் பெரியப்பா போஸ்."

"கோட்டைக்குக் காவலோ?"

"ஓம்."

"அப்ப அந்தாள் தன்ர வேலையைச் செய்யுது. நீ ஏன் போய்க் கொழுவுறாய்?"

பதில் சொல்ல முதல் செத்துப்போனன். சட்டப்படி மனசுக்குள்ள.

மார்கிற்றின்ர கெட்ட குணம் என்னெண்டால், தடியைத் தூக்குவான், அடிக்க மாட்டான். தூக்கிப் பிடிச்சுக்கொண்டு நிப்பான். நான் பதறி உருளுவன். உருண்டு எழும்புற இடத்தில ஆறுதலா இறக்குவான். இதே கூத்துத் திரும்பத் திரும்ப நடக்கிறதைப் பார்த்த பெரியப்பா தேத்தண்ணியைக் கீழ வைச்சார்.

"டேய், நீ கிளித்தட்டு விளையாடினதில்லையே?"

பெரியப்பா அந்தக் காலத்தில ஊரில பேர்போன கிளித்தட்டுக்காரர். அதை அவரே சொல்லுவார். கதிரையை விட்டு எழும்பி, சீமெந்து நிலத்தில காலால ஒரு கோடு கீறி, சாரத்தை மடிச்சுக் கட்டி, ரெண்டு கையையும் விரிச்சுக்கொண்டு எனக்கு முன்னால நிண்டார்.

"தட்டில மறிக்கிறவன் முதல் கை வீசுறது உன்னைத் தொட இல்லை. உன்னை அசைக்க. நீ அசைஞ்சாப் பிறகுதான் தொடுவான். அவன்ர கையைப் பார்த்தியோ, நீ முடிஞ்சாய். காலைப் பார். பாரம் எந்தக் காலுக்கு மாறுதோ அந்தப் பக்கம்தான் வருவான்."

நான் இணையத்தில பார்த்த வீடியோக்காரர் ஒருத்தரும் இவ்வளவு சுருக்கமாச் சொல்லேல்லை. அதைவிட, ஒருத்தரும் சாரம் மடிச்சுக் கட்டிக் காட்டேல்லை.

திரும்பப் போனன். தடி மேல போச்சு. "அசையாதை!" எண்டார் பெரியப்பா. கை துடிக்குது. "அசையாதையடா!" மார்கிற்றின்ர முன்கால் நிலத்தில குத்திச்சுது. "இப்ப!" உருண்டன். தடி எனக்குப் பின்னால நிலத்தில விழுந்துது. முதுகு வெறுமையா முன்னால கிடக்கு. ரெண்டு வெட்டு. மூண்டாவதுக்கு ஆசைப்பட விடாமல் "காணும், பின்னுக்கு வா" எண்டு இழுத்தார் பெரியப்பா.

உயிர்க்கோடு பாதிக்குக் கிட்ட இறங்க மார்கிற் பொன் வெளிச்சத்தில ஒரு பெரிய சுத்தியலை உண்டாக்கினான்.

"இது எங்கையிருந்து வந்தது? அளாப்புறான் தம்பி, அளாப்புறான்!" காவல்காரக் கிழவனில பெரியப்பாவுக்கு இருந்த பரிவு அந்த இடத்தில அறுந்துபோச்சு. அதுக்குப் பிறகு அவர் இருக்கேல்லை. மார்கிற் மேல எழும்பிப் பாய அவரும் கால் மாத்தினார். கடைசி வெட்டு விழுந்து கிழவன் ஒளியாச் சிதற, பெரியப்பா ரெண்டு கையையும் உயர்த்திக் கத்தினார்.

"செத்தான்டா கிழவன்! செத்தே போனான்!"

அம்மா அப்பதான் சாமியறையில விளக்கை ஏத்திப்போட்டு வெளியில வாறா. எனக்கெண்டால் அகப்பைக்காம்பு. புருசன்ர தமையனை என்ன சொல்லுறது? பல்லைக் கடிச்சுக்கொண்டு நிண்டா. அதுக்குள்ள வேலிக்கு அங்கால பக்கத்து வீட்டு அன்ரியின்ர குரல்.

"என்ன பிள்ளை, ஆர்?"

"ஒருத்தருமில்லையக்கா, அத்தான்தான்…"

அம்மா வசனத்தை முடிக்க முதல் அங்கால "ஐயோ" எண்டொரு சத்தம். பேந்து செருப்புச் சத்தம். பேந்து போனில ஆரோடையோ கதைக்கிற சத்தம். அன்ரியின்ர தங்கச்சி இருக்கிறது கனடாவில, ஸ்காபறோவில. பெரியப்பாவின்ர மகன் இருக்கிறதும் ஸ்காபறோவில.

ரோசாப்பூ எல்லாம் அழிஞ்சு முடிஞ்ச போன் மேசையில அடிக்கத் தொடங்கிச்சு. பெரியப்பா எடுத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒலிபெருக்கியை அமத்தினார். அண்ணை அழுகிறது வீடு முழுக்கக் கேட்டுது.

"அப்பா… அப்பாவுக்கு என்ன நடந்தது? எப்ப எடுக்கினம்?"

"நான்தான்டா கதைக்கிறன். ஆரை எடுக்கிறது? செத்தது மார்கிற்."

கொஞ்ச நேரம் அங்கால சத்தமில்லை. மூக்கை உறிஞ்சிற சத்தம் மட்டும். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு அண்ணை கேட்டார்:

"ஆர் அடிச்சது, தம்பியோ? எத்தினையாம் லெவலில?"