போலந்து இராணுவத்தின் பரிசு பயனெட்டுகள்: சேகரிப்பில் இதுவரை

ஓய்வு பெறும் அதிகாரிக்கோ, படைப்பிரிவைப் பார்வையிட வந்த விருந்தினருக்கோ, பளபளக்கும் முலாம் பூசி வாசகம் பொறித்த ஒரு பயனெட்டை (துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தியை) மரப்பலகையில் பொருத்தி வழங்குவது போலந்து இராணுவத்தில் காணப்படும் ஒரு மரியாதை. நான் சேகரித்து வருபவை பெரும்பாலும் ஏகேஎம் எனும் கலாஷ்னிகோவ் வகைத் துப்பாக்கிக்குரிய பயனெட்டிலிருந்து உருவானவை: ஏறத்தாழ 15 செ.மீ. அலகு (கத்தியின் உலோகத் தகடு), முதுகில் இரம்பப் பற்கள், உறையின் நுனியிலுள்ள குமிழில் மாட்டிக் கம்பி வெட்டுவதற்கான துளை ஆகிய அனைத்தும் பரிசுப் பொருளிலும் அப்படியே இருக்கும்.

பரிசுப் பொருள்களுக்குச் செல்லும் முன் சாதாரணப் படைக்கல பயனெட்டுகளையே முதலில் வாங்கினேன். மூலப்பொருளின் முத்திரைகளை அறியாதவர் அதன் மேல் ஏறிய அலங்காரத்தை மதிப்பிட இயலாது என்பது என் உறுதியான கருத்து. 1929 மாதிரி பயனெட் இதற்கு நல்ல ஆசான். ஏறத்தாழ 25 செ.மீ. நீளமுள்ள அதன் அலகின் அடிப்பகுதியில், ஒரு பக்கம் ராதோம் நகர ஆயுதத் தொழிற்சாலையின் பெயரும், மறுபக்கம் கழுகுச் சின்னமும் போலந்து இராணுவத்தைக் குறிக்கும் இரண்டு எழுத்துகளும் காணப்படும். வார்சாவின் பெர்குன் நிறுவனம் செய்த பயனெட்டுகளையும் அருகில் வைத்துப் பார்த்தபின், முத்திரை அழுத்தத்தின் ஆழமும் விளிம்பின் கூர்மையும் கண்ணுக்குப் பழகிவிட்டன.

பொறிப்பைச் சோதிக்க இப்போது நான் முதன்மையாக நம்புவது கழுகின் தலையையும் தேதியையும்தான். கம்யூனிச ஆட்சிக் காலத்துப் போலந்தின் அரசுச் சின்னமான கழுகுக்கு முடி (கிரீடம்) கிடையாது. 1989 டிசம்பர் இறுதியில் நாடாளுமன்றம் நாட்டின் பெயரையும் சின்னத்தையும் மாற்றியபோதுதான் முடி திரும்பியது. இராணுவ நாளும் அவ்வாறே இடம் மாறியது. 1943இல் நடந்த லெனினோ போரின் நினைவாக அக்டோபர் 12 அன்று கொண்டாடப்பட்ட அந்த நாள், 1992 முதல் 1920ஆம் ஆண்டு வார்சாப் போரை நினைவுகூரும் ஆகஸ்ட் 15க்கு மாற்றப்பட்டது. ஆகவே 1980களின் அக்டோபர் 12ஆம் தேதியைத் தாங்கிய அலகில் முடிசூடிய கழுகு இருந்தால், விற்பவர் எவ்வளவு உறுதியாகப் பேசினாலும் நான் வாங்குவதில்லை. முடியில்லாத கழுகும் பழைய இராணுவ நாளும் பொருந்திவரும் பொருளோ, ஓர் அரசமைப்பின் வாழ்நாளையே கையளவு எஃகில் வைத்திருக்கிறது; அத்தகைய ஒன்றைக் கையில் எடுக்கும்போது எனக்கு ஏற்படும் மகிழ்ச்சி விலையோடு தொடர்புடையதன்று.

அடுத்தது முலாம். குரோமியம் சற்றே நீலச் சாயலுடனும் நிக்கல் இளமஞ்சள் சாயலுடனும் ஒளிரும். முலாமுக்கு அடியில் துருக்குழிகள் தெரிந்தால், நெடுநாள் கிடந்த பயனெட்டுக்குப் பின்னாளில் பளபளப்பு ஏற்றப்பட்டிருக்கிறது என்று கொள்ளலாம். பொறிப்பின் பள்ளங்களை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்க்கிறேன்: பள்ளத்திற்குள்ளும் முலாம் படர்ந்திருந்தால் எழுத்து முதலில் வந்தது, முலாமைக் கிழித்துக்கொண்டு எஃகு தெரிந்தால் எழுத்து பிறகு வந்தது. பின்னது மட்டுமே போலி என்பதற்குச் சான்றாகாது, ஏனெனில் முன்பே முலாம் பூசி வைத்த பயனெட்டில், பெறுபவரின் பெயரை வழங்கும் வேளையில் சேர்ப்பது இயல்பே. ஆனால் ஆழம் சிறிதும் மாறாத லேசர் கோடுகளில் 1970களின் தேதியைக் கண்டால் ஐயப்பட வேண்டும்.

பராமரிப்பு எளிது: மெருகுப்பசை எதுவும் பயன்படுத்தாமல் மெல்லிய மெழுகு மட்டும் பூசுகிறேன், தோல் பட்டைகளை அலகிலிருந்து பிரித்து வைக்கிறேன். வார்சாவின் கோலோ பழம்பொருள் சந்தையில் பலகையிலிருந்து கழற்றப்பட்ட பயனெட்டுகள் கிடைத்தாலும், பலகையும் அதிலுள்ள படைப்பிரிவுத் தகடும் சேர்ந்திருப்பவற்றையே இனி வாங்குவதென முடிவு செய்திருக்கிறேன். முடிசூடிய கழுகுடன் ஆகஸ்ட் 15ஆம் தேதி பொறித்த, 1990களின் முற்பகுதியைச் சேர்ந்த ஒன்றைத் தற்போது தேடி வருகிறேன்.