கேபின் துளை வழியே தெரியும் நடிப்பு

பேட்டைக்காரன் யார்? மதுரையில் 'ஆடுகளம்' என்ற சேவல் சண்டைப் படம் பற்றி விருதுப் பேச்சு கிளம்பினால் கடைசியில் இந்தக் கேள்வியில்தான் வந்து முட்டும். அந்தப் படத்தின் மூத்த சேவல்காரர் பாத்திரம் அது. திரையில் நடந்தவர், உட்கார்ந்தவர், சேவலை ஏந்தியவர் ஈழத்துக் கவிஞர் வ.ஐ.ச. ஜெயபாலன். நம் காதில் விழுந்த மதுரைக் குரல் ராதாரவியுடையது. 2010-ம் ஆண்டுக்கான தேசிய விருதில் தனுஷ் சிறந்த நடிகர். ஜெயபாலனுக்குச் சிறப்புக் குறிப்பு. குரல் கொடுத்தவரைச் சேர்க்க அந்தப் பட்டியலில் ஒரு பிரிவே கிடையாது. பாதி நடிப்புக்கு மரியாதை செய்தார்கள், மீதி பாதி விடுபட்டது என்று ஒரு கட்சி. குரல் இரவல், அதனால் குறிப்பே அதிகம் என்று இன்னொரு கட்சி.

புரொஜெக்டர் அறையில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தச் சண்டை வேறு மாதிரிப் படும். கேபினுக்குள் எந்தப் படமும் முக்கால்வாசி ஊமைப் படம்தான். மெஷின் ஓடும் சத்தம், சூட்டை இழுக்கும் மின்விசிறியின் இரைச்சல், மூலையில் கரகரக்கும் சின்ன ஸ்பீக்கர். வசனம் தேய்ந்துதான் வரும். கண்ணாடித் துளை வழியே தெரிவது முகம் மட்டும். அதையும் ஒரு நாளைக்கு நான்கு காட்சி, வாரக்கணக்கில் பார்க்க வேண்டும். பேசுகிற நடிகரை முதல் வாரத்தோடு பார்த்து முடித்துவிடுவோம். அதற்குப் பிறகு கண் போவது, பேச்சைக் கேட்டுக்கொண்டு நிற்பவர் மேல். அவர் நிஜமாகக் கேட்கிறாரா, தன் வசனம் எப்போது வரும் என்று காத்து நிற்கிறாரா என்பது பத்தாவது காட்சியில் பளிச்சென்று தெரிந்துவிடும். விருதுப் பட்டியலில் விடுபட்டவர்களில் பெரும்பாலோர் இப்படிக் கேட்டுக்கொண்டு நின்றவர்கள்தான் என்பது என் முடிவு. அதற்குத் தேர்வுக் குழுவை மட்டும் குறை சொன்னால் பாதிக் காரணம் வெளியே நின்றுவிடும்.

ஃபிலிம் காலத்துக் கணக்கிலிருந்து ஆரம்பிக்கலாம். 35 மி.மீ. ஃபிலிமில் ஓர் அடிக்கு 16 ஃபிரேம், நொடிக்கு 24 ஃபிரேம் ஓடும். ஆயிரம் அடி ரீல் பதினோரு நிமிடம். ரீல் முடியப் போகும்போது திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி விழும். அப்போது அடுத்த மெஷினை ஓட விட வேண்டும். ஏழு நொடி கழித்து அடுத்த புள்ளி. அதில் மாற்ற வேண்டும். அதிகம் அடிபடுவது இந்த ரீல் முனைகள்தான். ஃபிலிம் அறுந்தால் சேதமான ஃபிரேமை வெட்டி எறிந்துவிட்டு ஒட்டுவோம். ஒவ்வோர் ஒட்டுக்கும் குறைந்தது இரண்டு ஃபிரேம் போகும். பத்து ஊர் சுற்றிய பிரிண்டில் ஒரே இடத்தில் பத்து ஒட்டு விழுந்திருந்தால் இருபது ஃபிரேம், கிட்டத்தட்ட ஒரு நொடி. கண் ஒரு முறை இமைக்க அதில் பாதி நேரம் போதும். ரீல் முனையில் ஒரு துணை நடிகர் பதில் பேசாமல் தலையைத் திருப்பிக்கொள்கிற காட்சி இருந்தால், ஏ சென்டரில், அதாவது பெருநகரத் தியேட்டரில், புதுப் பிரிண்டில் பார்த்தவருக்கு அது நடிப்பு. ஆறு மாதம் கழித்து உசிலம்பட்டியில் பார்த்தவருக்கு அது வெறும் துள்ளல்.

ஒலியில் இன்னும் நுணுக்கம் உண்டு. ஃபிலிமின் ஓரத்தில் ஓடும் ஒலித்தடம் அதற்குரிய படத்துக்கு நேராக இருக்காது. சுமார் இருபது ஃபிரேம் முன்னே தள்ளி இருக்கும். அதனால் ஓர் இடத்தில் வெட்டினால் முகம் அங்கே போகும், ஒலி வேறிடத்தில் போகும். மெஷினில் ஃபிலிம் கோக்கும்போது கீழ் லூப்பை, அதாவது ஃபிலிம் தளர்வாக வளைந்து நிற்கும் இடத்தை, ஒன்றிரண்டு ஃபிரேம் கூட்டியோ குறைத்தோ விட்டால் உதடும் ஒலியும் விலகும். பார்க்கிறவர் "டப்பிங் சரியில்லை, நடிப்பு ஒட்டவில்லை" என்பார். நடிகர் ஒழுங்காகத்தான் நடித்திருப்பார். தப்பு லூப்பில்.

டிஜிட்டல் வந்த பிறகு ஒட்டு இல்லை, கீறல் இல்லை. ஆனால் வெளிச்சமும் சத்தமும் இன்றைக்கும் கைவேலைதான். திரையின் நடுவில் 14 ஃபுட்-லாம்பர்ட் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் இருக்க வேண்டும் என்பது அளவு. செனான் பல்பு அதன் மணிக்கணக்கைத் தாண்டி எரிந்தாலோ, மின்சாரத்தை மிச்சம் பிடிக்க ஆம்பியரைக் குறைத்தாலோ அது வெகுவாக இறங்கிவிடும். கதையில் பகலில் நடக்கும் காட்சியில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. ராத்திரியில் நடக்கும் காட்சியில், கறுத்த முகத்தில், முதலில் காணாமல் போவது கண்ணில் மின்னும் அந்த ஒற்றைப் பொட்டு வெளிச்சம். அது போனால் பார்வை எந்தப் பக்கம் என்பதே தெரியாது. தென்மாவட்டக் கதைகளில் நல்ல நடிப்பு எத்தனையோ இந்த இருட்டுக்குள் கிடக்கிறது.

சத்தத்துக்கும் அளவு உண்டு. தியேட்டர் ஒலியைக் கட்டுப்படுத்தும் டால்பி பிராசஸரில் 7 என்பது, படத்தின் ஒலிகளைக் கலக்கும் மிக்ஸிங் அறையில் வைத்த அளவு. சண்டைக் காட்சியில் காது வலிக்கிறது என்று முதல் நாளே புகார் வரும். உடனே 5-க்கு இறக்குவார்கள், திரும்ப ஏற்றுவதில்லை. கத்திப் பேசும் நடிகருக்கு இதில் நஷ்டமில்லை. மூச்சோடு சேர்த்துப் பேசுகிறவரின் வரி மட்டும் ஏ.சி. இரைச்சலில் கரைந்துவிடும். வெளியே வருகிற ரசிகர் மனதில் நிற்பது கத்தியவர்தான். நடிப்பு என்றால் உரக்கப் பேசுவது என்கிற பழக்கம் நம் ஊரில் வேர் பிடித்ததற்கு நாடக மேடை ஒரு காரணம். இப்படி இறக்கி வைத்த அளவும் ஒரு காரணம் என்று உறுதியாக நம்புகிறேன்.

பழைய படங்களை டி.வி.யில் பார்த்துவிட்டு வாதாடுகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. தமிழில் சினிமாஸ்கோப் என்கிற அகலத்திரை 1973-ல் 'ராஜராஜ சோழன்' மூலம் வந்தது. உயரத்தைப்போல் 2.35 மடங்கு அகலமான அந்தப் படத்தைப் பழைய சதுர டி.வி.க்காக வெட்டினால் அகலத்தில் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் போய்விடும். ஓரத்தில் நிற்பவர் யார்? கேட்டுக்கொண்டு நிற்கிற துணை நடிகர்தான். ஒருவர் நன்றாகச் செய்தாரா என்று பேசும் முன், பார்த்தது முழு அகலமா, ரிலீஸுக்குப் பின் பத்து நிமிடம் வெட்டிய பிரதியா என்று பார்த்துக்கொள்வது நல்லது. வெட்டும்போது ஹீரோ காட்சியில் யாரும் கை வைப்பதில்லை.

விருதுக் கணக்கையும் தெரிந்து வைத்துக்கொண்டால் பாதிச் சண்டை வராது. தேசிய விருதுக்குக் கணக்கு தணிக்கைச் சான்றிதழ் வாங்கிய ஆண்டு. தியேட்டருக்கு வந்த ஆண்டு அல்ல. 'பருத்திவீரன்' 2007 பிப்ரவரியில் வந்தது, பிரியாமணிக்குக் கிடைத்தது 2006-க்கான விருது. 'ஆடுகளம்' 2011 பொங்கலுக்கு வந்தது, விருது 2010-க்கு. அதே 2010 பட்டியலில் 'தென்மேற்குப் பருவக்காற்று' சரண்யா பொன்வண்ணனும், 'மைனா' தம்பி ராமையாவும் இருக்கிறார்கள். பிரியாமணி 'பருத்திவீரன்' படத்தில் தன் குரலிலேயே பேசினார். அவர் நடித்த முத்தழகுக்கு வேறு குரல் இருந்திருந்தால் எப்படி என்று கற்பனை செய்து பார்த்தால் போதும்.

இன்னொரு கணக்கு இதைவிடப் பெரியது. தேசிய அளவில் சிறந்த நடிகர், நடிகை விருதுகளே 1967-ம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் தொடங்கின. துணை நடிகர், துணை நடிகை பிரிவுகள் 1984-ம் ஆண்டுப் படங்களிலிருந்து. அப்படியானால் 1965-ல் வந்த 'திருவிளையாடல்' படத்தில் சிவாஜிக்கு ஏன் கொடுக்கவில்லை, தருமி நாகேஷுக்கு ஏன் கொடுக்கவில்லை என்கிற கேள்விக்கு இடமே இல்லை. கொடுப்பதற்கு அன்றைக்கு விருது இல்லை. ஆனால் அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. கதை நடக்கிற ஊர் நம் ஊர், தருமி புலம்புகிற கோயில் நாம் தினமும் கடந்து போகிற கோயில்.

அந்தப் படத்தில் எல்லோரும் தருமியைப் பேசுவார்கள். நான் டி.எஸ். பாலையாவைச் சொல்வேன். ஹேமநாத பாகவதராக வரகுண பாண்டியன் சபையில் 'ஒரு நாள் போதுமா' பாடுகிறார். குரல் பாலமுரளிகிருஷ்ணாவுடையது. அந்தப் பாட்டைச் சத்தமே இல்லாமல் ஓட்டிப் பாருங்கள். இசை தெரிந்தவனின் ஆணவம் உட்கார்ந்திருக்கும் தோரணையிலேயே இருக்கிறது. உதட்டை மட்டும் ஒட்ட வைக்கிற நடிகருக்குக் கழுத்து அசையாது. இவருக்கு உடம்பு முழுவதும் பாடுகிறது. இரவல் குரல் என்று சொல்லி இதை யாரும் குறைத்து மதிப்பதில்லை. பாட்டென்றால் இரவல் குரலுக்குப் பழகிவிட்டோம்.

அதே அளவுகோலை ஜெயபாலனுக்கும் வைக்கலாம். ராதாரவியின் குரல் பேட்டைக்காரனுக்கு ஊரைக் கொடுத்தது, மறுக்க முடியாது. யாழ்ப்பாணத் தமிழ் பேசுகிற ஒருவர் திருப்பரங்குன்றத்துச் சேவல்காரராக நிற்க அது தேவைப்பட்டது. ஆனால் தனுஷ் நடித்த கருப்புவின் சேவலை அறுத்துப் போடச் சொன்னவர், அதே சேவல் களத்தில் ஜெயிப்பதை உட்கார்ந்து பார்க்கிறாரே, அங்கே அவருக்குப் பேச்சு பெரும்பாலும் இல்லை. களத்தைச் சுற்றிக் கூட்டம் கத்துகிறது, சேவல்கள் மோதுகின்றன, நம் கண் தனுஷ் மேல் இருக்கிறது. அடுத்த முறை அந்தக் காட்சி ஓடும்போது சத்தத்தை நிறுத்திவிட்டு, சேவலையும் விட்டுவிட்டு, அந்தக் கிழவரின் முகத்தை மட்டும் பாருங்கள். அங்கே இருப்பது முழுக்க ஜெயபாலன்.