எருமை மேல் பெய்த மழை

பள்ளிக்கூடத்தில் நான் கணக்குப் படித்த அழகைப் பார்த்து அப்பா அடிக்கடி சொல்வார்: "எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி உட்கார்ந்திருக்கிறான்." கடைசியில் கணக்கு எழுதிப் பிழைக்கும் கிராணி வேலைதான் எனக்கு வாய்த்தது. அதுவும் எருமைகளின் கணக்கு.

1985இல் மலேசியாவில், பத்தாங் பெர்ஜுந்தாய் என்ற ஊருக்கு அருகே ஒரு செம்பனை (எண்ணெய்ப்பனை) தோட்டத்தில் வெளிக்காட்டுக் கிராணியாகச் சேர்ந்தேன். 2007இல் ஊருக்கு பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றிவிட்டார்கள். பழைய ஆட்களின் வாயில் இன்னும் பெர்ஜுந்தாய்தான். நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவு 1917இல் இதே வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில் நடந்தது. பெயரில் தென்னை, மண்ணில் செம்பனை. இந்தப் பெருமையைக் காப்பிக்கடையில் விடாமல் பேசுவார்கள். வெட்டிய குலை மரத்தடியிலிருந்து சாலைக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதை மட்டும் யாரும் பேசமாட்டார்கள்.

ஒரு குலை 15 கிலோ இருக்கும், முற்றிய மரத்தில் 25 கிலோவையும் தொடும். முன்பு ஆட்கள் காவடித்தடியில் தொங்கவிட்டுத் தூக்கினார்கள். நான் வந்தபோது எங்கள் தோட்டத்தில் எருமை வண்டிகள் ஓடின. எல்லாம் ஒற்றை எருமை, இரண்டு சக்கரம், ஒரு பலகைப் பெட்டி. ஒரு நடைக்கு இருபது, இருபத்தைந்து குலை. நிரைகளுக்கு நடுவே மட்டை அடுக்காத பாதையில் வந்து, பாரிட் என்கிற வடிகால் வாய்க்காலின் மேல் போட்ட பலகையைக் கடந்து, சாலையோர மேடையில் கொட்ட வேண்டும். மெதுவாகவும் கொட்ட வேண்டும். பழம் நசுங்கினால் அதிலுள்ள நொதி எண்ணெயைச் சிதைத்து அமிலத்தைக் கூட்டிவிடும். ஆலையில் நீராவியில் வேகும்வரை அது ஓயாது. அதனால் அன்று வெட்டியதை அன்றே ஏற்றிவிடத் துடிப்போம்.

சுமையும் ஏறிக்கொண்டே இருந்தது. 1981இல் கேமரூனிலிருந்து ஒரு சின்ன வண்டைக் கொண்டுவந்து தோட்டங்களில் விட்டார்கள். அதுவரை பெண்கள் கையால் தூவிக்கொண்டிருந்த மகரந்தத்தை வண்டு தூவத் தொடங்கியது. காய்ப் பிடிப்பு கூடிக் குலை கனத்தது. பெண்களுக்கு அந்த வேலை போனது, எருமைக்குப் பாரம் கூடியது.

எங்கள் மூன்றாம் பிரிவில் இருந்தவன் கம்பத்திலிருந்து, அதாவது மலாய்க் கிராமத்திலிருந்து, வாங்கி வந்த சதுப்பு எருமை. பால் கறக்கும் முர்ரா எருமை வேறு இனம். அதற்கு 50 குரோமோசோம், இவனுக்கு 48. மலாய்க்காரர் வீட்டில் வளர்ந்ததால் இவனுக்குத் தமிழ் புரியாது. தோட்டம் முழுக்கத் தமிழ் பேச, இவனிடம் மட்டும் "ஜாலான்" என்றால்தான் நகர்வான். வண்டிக்கார அண்ணன் வசவுகளைத் தமிழிலும் கட்டளைகளை மலாயிலும் வைத்துக்கொண்டார். அது இருவருக்குமே வசதியாக இருந்தது என்று நினைக்கிறேன்.

சேர்ந்த இரண்டாம் மாதம், மாதக்கடைசி. காலை பதினொரு மணிக்கே அண்ணன் நுகத்தைக் கழற்றிவிட்டார். லாரி காத்திருந்தது, அலுவலகத் தாளில் என் பிரிவுக்கு இரண்டு டன் குறைந்தது.

"கிராணி ஐயா, அவனுக்கு நேரம் முடிந்துவிட்டது. மிச்சத்தை நாலு மணிக்குமேல் பார்த்துக்கொள்வோம்."

"ஒரு நடை மட்டும், அண்ணே."

அவர் ஒன்றும் பேசாமல் மறுபடி பூட்டினார். பாதி வழியில் எருமை பாதையை விட்டு விலகி, வண்டியோடு பாரிட்டில் இறங்கி, மூக்கும் கொம்பும் மட்டும் வெளியே தெரியும்படி படுத்துவிட்டது. குலைகள் சேற்றில் உருண்டன. நான் முழங்கால் சேற்றில் நின்று அவற்றைத் தூக்கிக்கொண்டிருக்க, அண்ணன் கரையில் உட்கார்ந்து வெற்றிலை மடித்தார்.

"ஏன் அண்ணே இறங்கவிட்டீர்கள்?"

"நானா விட்டேன்? வெயில் ஒன்று சொல்கிறது, நீங்கள் ஒன்று சொல்கிறீர்கள். அவன் யார் பேச்சைக் கேட்பான்?"

எருமைக்கு மாட்டைப்போல வியர்க்காது. வியர்வைச் சுரப்பிகள் மிகக் குறைவு. கறுத்த தோலோ வெயிலை வாங்கிக்கொள்ளும். தண்ணீரும் சேறும்தான் உடம்பைத் தணிக்கும். இதைப் பின்னாளில் ஒரு கால்நடை மருத்துவர் சொல்லித் தெரிந்துகொண்டேன். அன்றைக்குப் பதிவேட்டில் 'வண்டி பழுது' என்று எழுதி வைத்தேன். பொய்தான். உண்மையை எழுத அதில் கட்டம் இல்லை.

அப்புறம் மழைக்காலம் வந்தது. அப்பாவின் பழமொழி தப்பு என்று அப்போதுதான் தெரிந்தது. மழை பெய்தால் எருமைக்கு உறைக்காமல் இல்லை, இவன் அதற்காகவே காத்திருந்தான். நடு மதியத்திலும் நுகத்துக்குத் தானாகவே கழுத்தைக் கொடுப்பான். அகன்ற குளம்பு சேற்றில் விரிந்து பதியும், கணுக்கால் மூட்டு நன்றாக மடங்கி ஓசையில்லாமல் காலை உருவும். லாரி வர முடியாத நாளிலும் மேடையில் குலை நிறைந்து கிடக்கும். அந்த நவம்பரில் என் பிரிவின் கணக்கு மற்ற பிரிவுகளை முந்தியது. பாராட்டு எனக்குக் கிடைத்தது. எருமைக்கு ஒரு வாளி உப்புத் தண்ணீர் கூடுதலாகக் கொடுத்தோம்.

சில ஆண்டுகளில் சிறிய டிராக்டர்கள் வந்தன. காய்ந்த தரையில் அவை எருமையைவிட நாலு மடங்கு வேகம், மறுப்பதற்கில்லை. எருமைகளை விற்றுவிட்டார்கள். அண்ணனும் ஓய்வு பெற்றார்.

அடுத்த மழையில் மூன்றாம் பிரிவின் பள்ளத்தில் டிராக்டர் அச்சுவரை இறங்கிவிட்டது. ஓட்டுநர், நான், இரண்டு வெட்டாட்கள், நாலு பேரும் நனைந்தபடி அதைச் சுற்றி வந்துகொண்டிருந்தோம். சைக்கிளில் போன அண்ணன் ஒரு காலை ஊன்றி நின்றார். சக்கரத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு டிராக்டரைப் பார்த்து, "ஜாலான்" என்றார். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, மிதியை அழுத்திப் போய்விட்டார்.