இருமச் சொன்னால் எங்கள் மேல் கோபப்படாதீர்கள்

மதுரையில் இதய ஆபரேஷன் முடிந்தவர்களைப் பார்த்துக்கொள்கிற ஐசியூவில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். உசிலம்பட்டி, மேலூர், திருமங்கலம், தேனி என்று எல்லாப் பக்கமிருந்தும் வருகிறார்கள், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருப்பதால் கொத்தனாரும் கூலி விவசாயியும்கூட பைபாஸ் செய்துகொள்ள முடிகிறது, அதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். ஆனால் டாக்டர் வெளியே வந்து "நல்லபடியா முடிஞ்சிருச்சு" என்றதும், எல்லாம் முடிந்தது என்று வெளியே நிற்கிற சொந்தக்காரர்கள் நினைத்துவிடுகிறார்கள். எங்களுக்கு அப்போதுதான் வேலையே ஆரம்பம்.

ஒரு நிமிடம் உள்ளே வந்து பார்க்கச் சொன்னால் பல பேர் அழுதுவிடுவார்கள். வாயில் குழாய், கழுத்து ரத்தக்குழாயில் ஒரு லைன், மணிக்கட்டில் ஒன்று, நெஞ்சுக்குக் கீழே உள்ளே கசிகிற ரத்தத்தை வெளியே எடுக்கிற டிரெய்ன் குழாய்கள், தேவைப்பட்டால் இதயத் துடிப்பைத் தூண்ட தோலிலிருந்து வெளியே வருகிற மெல்லிய பேஸிங் வயர். "என்ன தாயி, பொணம் கணக்கா சில்லுன்னு இருக்காரு" என்று ஒரு ஆத்தா என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஆபரேஷன் நேரத்தில் இதயம், நுரையீரல் வேலையைச் செய்கிற ஹார்ட்-லங் மெஷினில் வைத்திருக்கும்போது உடம்பின் சூடு இறங்கிவிடும், சூடான காற்று ஊதுகிற போர்வையைப் போட்டு மெதுவாக ஏற்றுவோம். நடுக்கம் வந்தால் சும்மா விடமாட்டோம், நடுங்குகிற உடம்புக்கு ஆக்சிஜன் கூடுதலாகத் தேவைப்படும், தையல் போட்டு வந்த இதயம் அதற்கும் சேர்த்து உழைக்க வேண்டியிருக்கும்.

அந்த முதல் ராத்திரி மானிட்டருக்குச் சமமாக நான் பார்ப்பது கட்டிலுக்குக் கீழே இருக்கிற டிரெய்ன் பாட்டிலைத்தான். மணிக்கு மணி எத்தனை மில்லி என்று குறிக்கிறோம். ஆரம்பத்தில் ரத்தம் வருவது சகஜம். மணிக்கு 200 மில்லியைத் தாண்டி, அடுத்த மணியிலும் அதே மாதிரி என்றால் சர்ஜனுக்கு ஏற்கனவே போன் போயிருக்கும், சில சமயம் திரும்பத் தியேட்டருக்கே கொண்டுபோக வேண்டிவரும். ஆனால் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது வேறு: நன்றாக வந்துகொண்டிருந்த டிரெய்ன் திடீரென்று நின்றால் 'அப்பாடா' என்று உட்காராதே. குழாயில் ரத்தக்கட்டி அடைத்து, இதயத்தைச் சுற்றியே ரத்தம் தேங்கிக்கொண்டிருக்கலாம். பிரஷர் இறங்கும், சிவிபி, அதாவது இதயத்துக்குத் திரும்பி வருகிற பெரிய ரத்தக்குழாயில் இருக்கிற அழுத்தம் ஏறும், சிறுநீர் குறையும், அதுதான் டாம்போனேட். படுக்கையிலேயே நெஞ்சைத் திறக்கிற செட் ஐசியூவுக்குள் எப்போதும் தயாராக இருப்பது இந்த மாதிரி நேரத்துக்குத்தான். சிறுநீரையும் அப்படித்தான் எண்ணுவோம், 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 30 மில்லியாவது வர வேண்டும்.

எல்லாம் சரியாக இருந்தால் பல பேருக்கு சில மணி நேரத்திலேயே வாய்க் குழாயை எடுத்துவிடலாம். அதற்கு முன் கண் விழிக்கும்போதுதான் பாவம். குரல்நாண்களுக்கு நடுவே குழாய் இருப்பதால் சத்தம் வராது, பயந்துபோய்ப் பிடுங்கப் பார்ப்பார்கள். கையைப் பிடித்துக்கொண்டு காதருகே போய், "ஐயா, ஆபரேஷன் முடிஞ்சிருச்சு, குழாய் இருக்கிறதாலதான் பேச முடியல, உங்க மக வெளியதான் உக்காந்திருக்கு" என்பேன். மகள் பேரைச் சொன்னதும் இறுகின விரல் தளரும். வயதானவர்கள் சிலர் மறுநாள் ராத்திரி "மோட்டார் போடணும், கரண்டு வந்துருச்சு" என்று எழுந்திருப்பார்கள். புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயப்படாதீர்கள், பெரும்பாலும் சில நாளில் தெளிந்துவிடும். மூக்குக் கண்ணாடியும் காது மெஷினும் கொண்டுவந்து கொடுங்கள், அது ரொம்ப உதவும். பாண்டி கோயில் திருநீறு கொடுத்தால் பொட்டலத்தோடு தலைமாட்டில் வைப்பேன், தூள் காயத்துப் பக்கம் போகக் கூடாது.

அப்புறம் சண்டை வருகிற இடம். குழாய் எடுத்ததும் இருமச் சொல்வோம், மூச்சை ஆழமாக இழுக்கச் சொல்வோம். "நெஞ்சைப் பொளந்து வச்சிருக்காங்க, அவரைப் போட்டு ஏன் சிஸ்டர் பாடாப் படுத்துறீங்க, விடுங்க" என்று வீட்டு ஆட்கள் குறுக்கே வருவார்கள். அந்த இரக்கம்தான் ஆபத்து. வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விட்டால் நுரையீரலின் அடிப்பாகம் சுருங்கும், சளி தங்கும், நிமோனியா வரும், பீடி பிடித்தவர்களுக்கு இன்னும் சீக்கிரம். வலி மருந்து கொடுத்து அது வேலை செய்த பிறகுதான் இருமவே சொல்கிறோம். நெஞ்செலும்பை ஸ்டீல் கம்பியால் இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள், தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமினால் பிரிந்துவிடும் என்று பயப்பட வேண்டாம். எழுப்பி உட்காரவைக்கும்போது மட்டும் கையைப் பிடித்து இழுக்காதீர்கள், அதுதான் நெஞ்செலும்பைப் பதம் பார்க்கும்.

மூச்சுப் பயிற்சிக்கு மூன்று பந்து இருக்கிற ஸ்பைரோமீட்டரைக் கொடுத்தால் நிறைய பேர் புல்லாங்குழல் மாதிரி ஊதுகிறார்கள். ஊதக் கூடாது, உறிஞ்ச வேண்டும், மேலே போன பந்தை ரெண்டு மூணு விநாடி அங்கேயே நிறுத்தப் பார்க்க வேண்டும். விழித்திருக்கும்போது மணிக்கு ஒரு பத்து தடவை. வார்டுக்கு மாற்றின பிறகு மகனோ மருமகளோ பக்கத்தில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டே செய்ய வையுங்கள், எங்களிடம் மாட்டேன் என்கிறவர்கள்கூட வீட்டுப் பிள்ளை எண்ணினால் செய்துவிடுகிறார்கள்.